மினுக்கிய டொலர்கள்

எங்கள் வீட்டு அலுமாரியின் நடுத்தட்டில் யாரும் உடுப்பு வைப்பதில்லை. அது அண்ணாவின் டொலர்களுக்கு. ஒரு தட்டையான பிஸ்கற் பெட்டி, அதற்குள் பழைய வேட்டித் துண்டு, அதன்மேல் பதினான்கு அமெரிக்க வெள்ளி டொலர்கள். நோட்டு டொலர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டுச் சனம் மேற்கே மேற்கே போய்க் காட்டையும் பாலையையும் பிடித்துக் குடியேறிய காலத்தில், மலையைக் குடைந்து எடுத்த வெள்ளியில் அடித்த காசுகள். உள்ளங்கையை நிரப்புகிற அளவு. ஒரு பக்கம் பெண்ணின் தலை, மற்றப் பக்கம் கழுகு.

அவற்றில் ஒன்று மட்டும் தனிச் சாதி. வெள்ளிச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே, பாலைவன ஓரத்து ஊர் ஒன்றில், சில காலம் ஒரு நாணயச்சாலை இருந்ததாம். அங்கே அடித்த காசில் கழுகுக்குக் கீழே இரண்டு சின்ன ஆங்கிலச் 'சி' எழுத்துகள் இருக்கும். சேகரிக்கிறவர்கள் அந்த இரண்டு எழுத்துக்காகக் கடல் தாண்டி வருவார்கள் என்று அண்ணா சொல்லுவார். அவரிடம் அப்படி ஒன்று இருந்தது. அதை நாங்கள் வீட்டில் சீமான் என்று அழைப்போம்.

அண்ணா துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிற கிளாக்கர். தேயிலை ஏற்ற வரும் கப்பல்களில் ஏறி இறங்குகிற வேலை. கப்பற்காரர்களிடம் எல்லோரும் சிகரெட்டும் சவர்க்காரமும் கேட்பார்கள். இவர் வெள்ளி டொலர் கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஊர் ஊராய்ச் சுற்றுகிற மனிதர்களின் பெட்டியடியில் என்னவெல்லாமோ கிடக்கும். ஒரு சமையற்காரர் தன் தகப்பனின் அதிர்ஷ்டக் காசு என்று சொல்லி வைத்திருந்ததை, நிலாவெளிக் கருவாட்டுக்கும் ஒரு சாக்குத் தேசிக்காய்க்கும் தந்துவிட்டுப் போனார். ஓர் இரண்டாம் எஞ்சினியர் மணிலா அடகுக்கடையில் எடுத்ததைத் தந்தார். சீனத்து வியாபாரிகளின் முத்திரை குத்திய ஒன்று மூதூரில் ஒரு வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்து வந்தது. அதைத் தேடிக் கொண்டுவந்தவர் கிண்ணியா நானா. பழைய பித்தளை, பழைய வெள்ளி, உடைந்த மணிக்கூடு எல்லாம் வாங்கி விற்கிறவர். சீமான் எப்படி வந்தது என்பதை மட்டும் அண்ணா சொன்னதில்லை. கேட்டால், "அது தானா வந்தது" என்பார்.

இந்தக் காசுகளைப்பற்றி அவர் படித்ததெல்லாம், கப்பல் ரேடியோக்காரர் ஒருவர் காசுப் புத்தகம் ஒன்றிலிருந்து கிழித்துக் கொடுத்த சில பக்கங்களில்தான். எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எது அருமை என்பது அவற்றில் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஒருநாள் தேயிலைப் பெட்டிகளைத் தூக்கிய கயிறு நழுவியது. கீழே அண்ணா நின்றார். வலது கை தப்பியது என்று டொக்டர் சொன்னார். எலும்பைப் பொறுத்தவரை அது உண்மை. விரல்கள் பிறகு மடங்கவில்லை.

அவருடைய தங்கச்சியான நான் எதையும் வரிசையாக எழுதிப் பார்க்கிற ஆள். கொழும்பில் தொழில்நுட்பப் படிப்பை முடித்து வந்து, குடிதண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே அப்படித்தான் பழக்குவார்கள். விபத்துக்குப் பிறகு அண்ணா ஒவ்வொன்றாக விட்டவற்றையும் அப்படியே சொல்ல முடியும். முதலில் சைக்கிள். பிறகு துறைமுகம், இலகுவான வேலை தருவதாகச் சொல்லியும் போகவில்லை. பிறகு கோயில். பிறகு சந்திக் கடை. சலூன்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். கடைசியாக முன்வளவு மாமரத்தடி, அங்கே இருந்தால் றோட்டால் போகிறவர்கள் கையைப் பார்க்கிறார்களாம். அதன் பிறகு விடுவதற்கு அறையும் குசினியும் கிணற்றடியும்தான் மிச்சம்.

காசுகளை மட்டும் விடவில்லை. யார் வந்தாலும் பெட்டி திறக்கும். மின்சார மீற்றர் பார்க்க வந்த மனிதர்கூட ஒருமுறை பாலைவனத்து நாணயச்சாலையின் கதை கேட்டுவிட்டுத்தான் போனார். அப்போதெல்லாம் அண்ணாவின் குரல் பழைய குரலாக இருக்கும். கப்பல் மேல்தட்டில் நின்று கீழே நிற்பவர்களுக்குக் கேட்கக் கத்துகிற குரல்.

சரஸ்வதி பூசைக்குத் துறைமுகத்தில் தொழிலாளர் கொக்கி, கப்பி, சங்கிலி எல்லாம் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அண்ணா வேலைக்குப் போன காலத்தில் தன் பென்சிலையும் கணக்குப் பலகையையும் அங்கே வைத்துவிட்டு, டொலர்களை வீட்டுப் படத்தடியில் வைப்பார். கை போன பிறகு வைப்பதற்கு ஆயுதம் என்று அவரிடம் அந்தப் பெட்டிதான் இருந்தது. பூசையன்று காலையில் கிணற்றடிக் கல்லில் இருந்து, இடது கையால் ஒவ்வொரு காசாகப் பழப்புளி போட்டுத் தேய்ப்பார். மூலைமுடுக்குக் கறுப்புக்கு அடுப்புச் சாம்பல். கழுவித் துடைத்து, கடைசியில் காய்ந்த திருநீறு போட்டு வேட்டித் துண்டால் மினுக்குவார். தைப்பொங்கலுக்கும் அப்படி. சீமானுக்கு எல்லாவற்றையும்விடக் கூட நேரம். அம்மா வந்து பார்த்து, "கண் கூசுது தம்பி" என்பா. அவருக்கு முகம் மலரும்.

அந்த நாட்களில்தான் அண்ணா வெயிலில் இருப்பார். அதனால் எனக்கு அந்தக் காலைகள் பிடிக்கும். ஆய்வுகூடத்தில் சுத்தம் என்பதைவிட நல்ல சொல் இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

நிலாவெளியில் ஹோட்டல்கள் வந்து, வெள்ளைக்காரர் கடற்கரையில் கிடக்கத் தொடங்கிய காலத்தில், நானா ஹோட்டல் றோட்டில் ஒரு சின்னக் கடை போட்டார். சங்கு, சிப்பி, பற்றிக் துணி, பழைய காசு. ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி கதையைத் தொடங்கினார்.

"தம்பி, ஹோட்டல்ல ஒரு அமெரிக்கன் நிக்கிறான். வயசாளி. என்ட கடைக்கு வந்து காசெல்லாத்தையும் பாத்திட்டு, ஒண்டையும் வாங்காமப் போனான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. பிறகு கேட்டா, அவன் வெள்ளி டொலர்ப் பைத்தியமாம். உங்கள மாதிரி."

"என்னை மாதிரியோ?"

"ஓம். பைத்தியத்துக்கு நாடு என்ன, ஊர் என்ன."

அண்ணா சிரித்தார். நானா குவளையைக் கீழே வைத்தார்.

"கூட்டிக்கொண்டு வாறன். பாக்கட்டும். அவன் ஒரு வார்த்தை 'இது நல்ல சாமான்' எண்டு சொன்னாப் போதும். கடையில ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறன், பக்கத்தில ஒரு கதிரை. நீங்க வந்து இருந்து கதை சொல்லோணும், அவ்வளவுதான். எனக்கு இங்கிலீஸ் 'குட் பிறைஸ்'க்கு அங்கால ஏலாது. கையைப்பத்தி யோசியாதீங்க, வாறவன் காசைத்தான் பாப்பான்."

கையைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் இப்படி நேராகச் சொன்னதில்லை. அண்ணா நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"நிலாவெளிக்குக் காலமை முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. நான் பின்னால் போனபோது, கழுவி வைத்த சட்டியைத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றா.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் வேறு காற்று. சலூன்காரர் வந்து போனார். நீளக்காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா பிடித்துத் தைத்துக் கொடுத்தா. ஒரு பின்னேரம் அண்ணா படலை வரைக்கும் நடந்து, கொழுக்கியில் கையை வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்து நின்றார். யாரோ, "என்ன, சுகமே?" என்று கேட்டதற்கு, "ஓம், சுகம்" என்று பதில் சொன்னது யன்னலடியில் நின்ற எனக்குக் கேட்டது. வெள்ளைக்காரர் வருகிறார் என்று காசுகளை இன்னொருமுறை புளி போட்டு மினுக்கினார். பூசையும் இல்லை, பொங்கலும் இல்லை.

வந்தவர் மெலிந்த, அமைதியான மனிதர். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து மடிப்புப் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குக் கதிரையை நகர்த்தினார். அண்ணா பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் கப்பலில் வந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பெரிய குரல். நானா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்த மனிதர் காசை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தார். அடுத்ததையும் அப்படி. மூன்றாவதிலேயே அவருடைய முகத்தில் இருந்த ஆவல் போய்விட்டது. மரியாதை மட்டும் இருந்தது. ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர்ப் போத்தலோடு வந்து முடிவுக்காக நிற்பவர்களிடம் நானும் அந்த முகத்தைத்தான் காட்டுகிறேன். அதனால் எனக்கு முதலே விளங்கிவிட்டது.

கடைசியாகச் சீமானை எடுத்தார். அதைத்தான் கூடநேரம் பார்த்தார். பிறகு, இவற்றை யார் சுத்தம் செய்வது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் அண்ணா. "ஒவ்வொரு வருசமும். எங்கள் தெய்வத்துக்கு முன்னால் வைப்பதற்காக." சிரித்துக்கொண்டு சொன்னார்.

வந்தவர் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். எல்லாம் உண்மையான காசுகள். ஒன்றுகூடப் போலி இல்லை. ஆனால் காசுக்கு ஒரு தோல் உண்டு. அடித்த அன்று வந்த மினுக்கமும், காலம் அதன்மேல் விட்ட கறுப்பும் சேர்ந்தது அந்தத் தோல். சேகரிக்கிறவர்கள் பார்ப்பது அதைத்தான். இவற்றில் அது தேய்ந்து போய்விட்டது. சீமானையும் தன் கண்ணாடியையும் என்னிடம் நீட்டினார். பார்த்தேன். மயிரிழையிலும் மெல்லிய கீறல்கள், வட்ட வட்டமாக, பெண்ணின் கன்னம் முழுக்க. அண்ணாவின் இடது கை சுற்றிய வட்டம். மற்றப் பக்கத்தில் இரண்டு 'சி'யும் கரைந்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருந்தன.

"இதைக் கறுப்பாகவே பெட்டிக்குள் விட்டிருந்தால்..." என்று தொடங்கிய அந்த மனிதர் அதை முடிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட ஆய்வுகூடத்தில ஏதும் மருந்து இருக்கும்தானே. பழையபடி ஆக்க ஏலாதே?"

சேர்ந்த படிவை எடுப்பதற்கு எத்தனையோ வழி எனக்குத் தெரியும். தேய்ந்துபோன வெள்ளியைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழியும் தெரியாது. அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலாது அண்ணா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காசுகளை எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்கி, மூடியைப் போட்டார். மடங்காத கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு இடது கையால் மூடியை அழுத்தினார். அது வழமைபோலக் கொஞ்சம் அடம்பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

நானா மனம் விடுகிற ஆள் இல்லை. அடுத்த கிழமை தனியாக வந்தார்.

"அவன் கிடக்கிறான் தம்பி. கறுப்புப் பிடிச்சதுதான் வேணுமெண்டா எங்கட வீட்டுச் சட்டியள வாங்கிக்கொண்டு போகட்டும். ஹோட்டல்ல நிக்கிற பொம்புளப் புள்ளையளுக்குப் பளபளப்புத்தான் புடிக்கும். பத்தரிட்டக் குடுத்து மேல ஒரு வளையம் ஒட்டினா, கழுத்தில போட வாங்குவாங்க. நீங்க வந்து கதிரையில இருங்க. கதை அதே கதைதான்."

வளையம் ஒட்டினால் காசு காசாக இராது என்பது அண்ணாவுக்குத் தெரியும். முன்பென்றால் நானாவைப் படலைக்கு வெளியே அனுப்பியிருப்பார். இப்போது எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்து நானாவின் மடியில் வைத்தார்.

"எல்லாத்தையுமா?" என்றார் நானா.

"ஓம்."

"சீமானையுமா?"

"ஓம் நானா. கொண்டுபோங்கோ."

நானாவுக்கே பகிடி வரவில்லை. "அப்ப எப்ப வாறீங்க கடைக்கு?" என்று கேட்டார். வருவேன் என்றார் அண்ணா. போகவில்லை. தைத்த காற்சட்டையை அம்மா மடித்துக் கதிரை முதுகில் போட்டு வைத்தா. பிறகு எடுத்து உள்ளே வைத்தா. அலுமாரியின் நடுத்தட்டில் எதையும் வைக்க அவவுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அண்ணா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. சலூன்காரர் வந்தால், "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். மாமரத்தடியைப் போலக் கிணற்றடியையும் விட்டுவிட்டார். தண்ணீர் அள்ளி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது குசினிக்கும் அதிகம் வருவதில்லை.

சில மாதம் கழித்து, நிலாவெளிப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுக்க என்னை அனுப்பினார்கள். உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டி முடித்துவிட்டு, திரும்புகிற வழியில் நானாவின் கடைக்குப் போனேன். டொலர்கள் கறுப்பு நூலில் கோர்த்து வரிசையாகத் தொங்கின. பெண்ணின் தலைக்கு மேலே வெள்ளி வளையம், ஒட்டின இடத்தில் ஈயத்தின் சாம்பல் நிறம். கடற்காற்றுக்கு ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போய்விட்டன. ஒவ்வொன்றையும் திருப்பிக் கழுகுக்குக் கீழே பார்த்தேன். சீமான் இல்லை.

"அது முதல் நாளே போயிட்டு மகள்," என்றார் நானா. "ஒரு சின்னப் பொண்ணு. எழுத்தையெல்லாம் பாக்கல்ல. நல்லா மின்னுது எண்டுதான் எடுத்தது." அண்ணாவின் பங்கு என்று கொஞ்சப் பணத்தை ஒரு கடிதவுறையில் போட்டுத் தந்தார். பிறகு கடைக்குள்ளே கையைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கதிரை இருந்தது. "அவருக்கெண்டு வாங்கினது. ஒருத்தரையும் இருக்க விடல்ல. கதை சொல்லவும் வேணாம். சும்மா வந்து இருக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கடிதவுறையைத் தலைமாட்டில் வைத்தேன். நானா கேட்டதைச் சொன்னேன், கதிரையைச் சொன்னேன். தன்னந்தனியே பஸ்ஸில் போக வேண்டாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"ஓம்," என்றார்.

"நாளைக்குப் போவமே அண்ணா?"

"ஓம்."

சாப்பாடு போடட்டுமா என்று வாசலில் நின்று அம்மா கேட்டா. அதற்கும் ஓம் என்றார். எழும்பவில்லை. இப்போது எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். நானும் அம்மாவும் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த வீட்டில் அவருடைய குரலே கேட்காமல் போய்விடும்.