மூன்று காதும் செவிடா?

நான் கடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் போய் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பத்து வருடம் பஸ்ஸில் தொங்கினேன். அதற்குப் பிறகுதான் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வண்டியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாம் என் கணவரிடம்தான் பேசுவார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிறவர்கூட, டயருக்கு எவ்வளவு வைக்கட்டும் என்று பக்கத்து சீட்டில் இருக்கிற அவரைத்தான் கேட்பார். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

வண்டியைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பி. புவனகிரியில் ஷெட் வைத்திருக்கிறான். கை சுத்தம், வேலை சுத்தம். நாங்கள் கத்தோலிக்கர்கள், வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் கொழுந்தனின் ஷெட்டில் உண்டு. அந்தத் தெருவிலிருக்கிற பட்டறைகளெல்லாம் கழுவிப் பெயின்ட் அடித்துச் சந்தனம் வைக்கும்போது அவன் ஒருவன் மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக முடியாது. ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைப்பான், சுவரிலிருக்கும் மாதா படத்துக்கும் ஒரு மாலை போட்டுவிடுவான். போன வருடம் பூஜைக்கு என் வண்டியையும் கேட்டு வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது பானெட்டைத் திறந்து காட்டினான். இன்ஜின் முழுக்க சில்வர் பெயின்ட் அடித்து, புது எவர்சில்வர் குடம் போல மின்னியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு லாரியை முந்தினேன். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அதோடு வண்டியின் இழுவையும் குறைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால், சொன்ன வேலையை முணுமுணுத்துக்கொண்டே செய்கிற ஆள் மாதிரி மெதுவாக நகர்ந்தது.

கொழுந்தன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான். நாக் சென்சார் கோளாறு என்று காட்டியது. இன்ஜினுக்குள் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால் டொக் டொக்கென்று ஒரு தட்டல் வரும். அதைக் கேட்பதற்காக இன்ஜினின் உடம்பில் ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிற சின்னக் காதுதான் இந்த நாக் சென்சார். அது கேட்டுச் சொன்னால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தீப்பொறியின் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். காதே வேலை செய்யவில்லை என்றால், எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பொறியைத் தாமதமாக்கிவிடும். இழுவை குறைவது அதனால்தான்.

அவன் புது சென்சார் மாற்றினான். இரண்டு நாளில் விளக்கு திரும்ப வந்தது. வயரைச் சோதித்துவிட்டு வேறு கம்பெனி சென்சார் போட்டான். அதுவும் அப்படியே ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் என்ன ஆயிற்று என்று நான் கேட்டால், "அண்ணங்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டுகிறவள் நான், கேட்டுக்கொள்கிறவர் அவர்.

அவருக்கும் பயம் வந்துவிட்டது. நடுவழியில் நின்றால் தனியாக என்ன செய்வாய் என்று ஆரம்பித்தவர், ஒரு நாள் முடிவாகவே சொல்லிவிட்டார். லால்பேட்டையில் அவருடைய சிநேகிதர் ஒருவர் பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரை வரச் சொல்லியிருப்பதாகவும், விளக்கைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அன்றைக்குப் புதன்கிழமை. மறுபடியும் பஸ், மறுபடியும் காலை ஆறு மணிக்கு ஓட்டம். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

அந்தக் கோபத்தில்தான் யோசிக்க ஆரம்பித்தேன். விளக்கு எரிந்த இடங்களை ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். பாலம், பைபாஸ் ஏற்றம், ஒரு முறை நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டரை முந்திய இடம். கடலூர் ஊருக்குள் ஒரு தடவைகூட எரியவில்லை. புவனகிரி கடைத்தெருவில் கொழுந்தன் ஓட்டிப் பார்க்கும்போதும் எரிந்ததில்லை. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மட்டும் எரிகிறது. அப்படியானால் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எதை எதிர்பார்க்கிறது?

இரண்டு நாள் தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. தட்டல் இல்லாவிட்டாலும் இன்ஜினுக்கென்று ஒரு இரைச்சல் உண்டு. வேகம் கூடினால் சென்சாருக்குள் வரும் இரைச்சலும் கூட வேண்டும். கூடவில்லை என்றால் காதில் கோளாறு என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிடும். சரி, அது சொல்வது நியாயம்தான். ஆனால் கம்பெனியிலிருந்து வந்த காது ஒன்று, புதிதாகப் போட்டது இரண்டு. மூன்றுமா செவிடாக இருக்கும்?

சனிக்கிழமை காலை பள்ளி லேபிலிருந்து சொல்லிவிட்டு எடுத்துவந்த மல்டிமீட்டரோடு புவனகிரிக்குப் போனேன். சென்சாரைக் கழற்றித் தரச் சொன்னதும், இன்னொன்று ஆர்டர் போடவா என்று கொழுந்தன் கேட்டான். வேண்டாம், பரிசோதனை செய்யப்போகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் கழற்றிக் கொடுத்தான்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு படிகம். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் இருப்பதும் அதே ஜாதிதான். அழுத்தினாலும் அதிர்ந்தாலும் கொஞ்சம் மின்சாரம் தரும். வருடா வருடம் போர்டில் எழுதிப்போடுகிற பாடம். மீட்டரின் வயர்களை அதில் தொட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் சென்சாரை லேசாகத் தட்டினேன். எண்கள் துள்ளின. இன்னொரு தட்டு தட்டினேன், மறுபடியும் துள்ளின. கொழுந்தன் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"அப்ப இது நல்லாத்தான் இருக்குதா?"

பழையபடி மாட்டச் சொன்னேன். மாட்டினான். இப்போது அதற்குப் பக்கத்தில் இன்ஜின் பிளாக்கைத் தட்டினேன். எண்கள் அசைந்ததாகவே தெரியவில்லை. அவன் ஸ்பேனரை வாங்கித் தானே தட்டினான். பலமாகவும் தட்டிப் பார்த்தான். பிறகு சென்சாரை மறுபடி கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தான்.

அங்கேயும் சில்வர் மின்னியது. நகத்தால் சுரண்டினான். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. இரண்டு கோட் அடித்திருக்கிறான். பின்பக்கமும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக, அன்றைக்குச் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு அடித்திருக்கிறான். அதோடு போகவில்லை. சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் வாஷர் இருந்தது. கம்பெனி போடாத வாஷர்.

"லூசாயிடக் கூடாதுன்னு நான்தான் போட்டேன் அண்ணி. நீங்க தெனம் அவ்ளோ தூரம் ஓட்றீங்களே."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று மாதமாக மனசுக்குள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவன் எனக்காகச் செய்த வேலைகளால் வந்த வினை இது. இரும்போடு இரும்பு ஒட்டி உட்கார வேண்டிய காதை, பெயின்ட் மேல் வைத்து, வாஷர் மேல் வைத்து, பாசத்தோடு அடைத்துவிட்டான். யார் மேல் கோபப்படுவது? வாஷரை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, வெறும் உலோகம் தெரிகிறவரை தேய்த்தான். போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதும் முக்கியம் என்று படித்திருந்தேன். இருபது நியூட்டன் மீட்டர். கரும்பலகையில் மட்டும் பார்த்த அந்த அலகை அன்றுதான் கையில் பிடித்தேன். அவனிடம் பெரிய வேலைகளுக்கென்று, முடுக்கும் பலத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் ஒன்று இருந்தது. அளவை வைத்துவிட்டு அதை என்னிடம் நீட்டினான். டிக்கென்று அது சொன்ன இடத்தில் நிறுத்தினேன். பிளாக்கைத் தட்டினோம். எண்கள் துள்ளின. இருவரும் சிரித்துவிட்டோம்.

அவன் ஸ்கேனரால் விளக்கை அணைத்துக் கொடுத்ததும், வெள்ளாற்றுப் பாலம் வரை சுற்றிப் போய் வேண்டுமென்றே மூன்றாவது கியரில் வைத்து மிதித்தேன். ஆலப்பாக்கம் வரை ஒரு கண் டாஷ்போர்டிலேயே இருந்தது. கடலூர் வரை விளக்கு எரியவில்லை. வீட்டில் சொன்னேன். கணவர் கேட்டுக்கொண்டார். வரச் சொன்ன ஆளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டார். அப்போது போன் அடித்தது. கொழுந்தன்தான். அண்ணனைக் கேட்கப் போகிறான் என்று போனை அவரிடம் நீட்டினேன். காதில் வைத்தவர் உடனே திருப்பித் தந்தார். வரும் வழியில் விளக்கு எரிந்ததா என்று என்னிடம்தான் கேட்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை லால்பேட்டைக்காரர் வந்தார். மரியாதையான மனிதர். நான் பக்கத்து சீட்டில் உட்கார, புதுச்சேரி சாலையில் கொஞ்ச தூரம் அவரே ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததும், வாசலில் நின்றிருந்த என் கணவரிடம் போய், இழுவை பிரமாதம், கோளாறு என்று ஏன் சொன்னீர்கள், இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்றார்.

கணவர் என் பக்கம் திரும்பினார். சாவியை அதற்குள் நான் வாங்கிக் கைப்பையில் போட்டிருந்தேன். உள்ளே வாஷரோடு உரசி அது சத்தம் போட்டது. அவர் பையைப் பார்த்தார்.

"வண்டி அவளோடது பாய்," என்றார். "அவளக் கேளுங்க."