மட்டாஞ்சேரியில் விடைபெறக் கற்றுத்தந்த வகுப்பு

பதினான்கு வருடங்களுக்கு முன்பு மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மகள் நிலாவுக்கு அப்போது இரண்டு வயது. வேலை நேரத்தில் அவளை விட்டுவந்த குழந்தைகள் காப்பகத்தில், வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு உண்டு. அதை நடத்தும் லீலா டீச்சர் போன மாதம் அழைத்தார். "இப்போ தமிழ் அம்மாமார் கொறே பேர், நெறைய பேர் உண்டு மோளே. நீ வந்து பேசணும்."

கோவையில் காலை ஆறு மணிக்கு ரயில். பத்து மணிக்கு எர்ணாகுளம். அங்கிருந்து போர்ட் கொச்சிக்குப் படகில் இருபது நிமிடம், ஆறு ரூபாய். பிறகு இரண்டரை கிலோமீட்டர் ஆட்டோ, எழுபது ரூபாய். "லீலா டீச்சரோட இடமா? எண்ட மோளும் அவிடெத்தான் வளந்தா சேச்சி," என்றார் ஓட்டுநர். மழையில் நனைந்த சந்துகளில் அதே சுக்கு வாசனை. என் பழைய அலுவலகம் மட்டும் காபிக் கடையாகியிருந்தது.

பதினொன்றரைக்கு வகுப்பு. என் கதையைத்தான் சொன்னேன். அழுவாளே என்று, நிலா விளையாடும்போது சொல்லாமல் நழுவிவிடுவேன். சில வாரங்களில் வீட்டில்கூட என் புடவையை விடமாட்டாள், தூக்கத்திலும் பிடித்திருப்பாள். டீச்சர் அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவ விளையாடறப்போதான் நீ காணாமப் போற. அதான் விளையாடவே பயப்படறா. சொல்லிட்டுப் போ. கரையட்டும், அழுதா அழட்டும்." பதினோரு நாள் அழுதாள். பன்னிரண்டாம் நாள் கையசைத்தாள். (இப்போது பதினாறு வயது. எதுவும் நினைவில்லையாம்!)

தேனியிலிருந்து வந்து ஹோட்டலில் வேலை பார்க்கும் செல்வி எழுந்தாள். "நானும் மூணு வாரமா ஒளிஞ்சுதான்க்கா போறேன். சொன்னா காலைக் கட்டிக்கிருவா, மனசு தாங்காது. வேலையவே விட்றலாம்னு இருக்கேன்."

"எனக்கும் தாங்கல செல்வி. வெளிய படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டுத்தான் ஆபீஸ் போவேன்," என்றேன்.

ஒரு மணிக்குச் செல்வி தன் மகள் முன் குனிந்தாள். "அம்மா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எந்திரிச்சு பால் குடிச்சதும் வந்துருவேன்." குழந்தை அலறியது. டீச்சர் தூக்கிக்கொண்டார். செல்வி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மனம் கேட்காமல் நானும் அங்கேயே இருந்தேன். ஐந்து மணிக்குச் செல்வி ஓடிவந்தாள். குழந்தை அழவில்லை, காலி டம்ளரைத் தூக்கிக் காட்டியது. "குடிச்சிட்டேன்." செல்வி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொச்சியில் வேலை கிடைத்துக் காப்பகம் தேடுபவர்களுக்கு ஒன்று: மதியம் போய்ப் பார்க்காதீர்கள், எல்லாக் குழந்தைகளும் தூங்கும். அம்மாக்கள் விட்டுவிட்டுப் போகும் நேரத்தில், காலை எட்டரைக்குப் போய் நில்லுங்கள். சுவரின் வண்ணத்தைப் பார்க்க வேண்டாம். அழும் குழந்தையை யார் தூக்குகிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள் என்று பாருங்கள்.