பின்சுவரில் ஒரு வாசல்

எழுபதுகளின் கடைசியில், எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது, நானும் என் வீட்டுக்காரரும் பிரிந்தோம். குடியோ அடிதடியோ கிடையாது. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எனக்கு வாய் நீளம்தான். அதை மறைத்து எழுதினால், ஜவ்வாது மலையில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பிரிவதில் எனக்கு வருத்தமில்லை. கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். அவளுக்கு ஏழு வயது, பேச்சு வரவில்லை. திருப்பத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, டாக்டர் மூளை வளர்ச்சி குறைவு என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேறு வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டாள், தூங்கவும் மாட்டாள். ஒருமுறை கோபித்துக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு பக்கத்து ஊரிலிருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் சுவரில் முட்டி முட்டி அவள் நெற்றி வீங்கிவிட்டது. நான்காம் நாள் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். என் ரோஷமெல்லாம் பாதி வழியிலேயே கரைந்துபோனது.

கோர்ட்டு, வக்கீல் எல்லாம் அப்போது மலையேறி வராது. ஊர் கூடும், புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவான், கல்யாணம் அதோடு தீர்ந்தது. பிள்ளை அப்பனுக்கு என்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே ஊர் கூடி, எங்களுக்கும் துரும்பு கிள்ளியாகிவிட்டது. அடுத்து மகளைப் பற்றிய பேச்சு வந்ததும் நான் எழுந்து நாட்டாமையிடம் வாதாடினேன்.

"சொல்லத் தெரியாத கொயந்தைங்க. வவுறு வலிச்சாக்கூட மூஞ்சியப் பாத்து நான்தான் கண்டுபுடிக்கணும். எங்கிட்ட வுடுங்க."

நாட்டாமை நல்ல மனிதர். வழக்கத்தை மீறவும் முடியாமல், என்னைத் துரத்தவும் மனமில்லாமல் தாடையைச் சொறிந்தார். பிறகு, "ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு கூப்புடுங்க. கொயந்த யாராண்ட போவுதோ, அவங்களுக்கு" என்றார்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு இப்படி ஒரு பரீட்சை! ஆனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கூட்டத்தில் அவள் கத்தாமலிருக்க முந்தானையில் ஒரு துண்டுத் தேனடை முடிந்து வைத்திருந்தேன். முடிச்சை அவளுக்குத் தெரிகிற மாதிரி நீட்டினேன். ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். எதிரே அவர் சும்மா நின்றார். வாயைத் திறந்து கூப்பிடக்கூட இல்லை.

மகள் நேராக என்னிடம் வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் முடிச்சை அவிழ்த்துத் தேனடையை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் அவர் பேசினார்.

"அது அந்த வூட்ட வுட்டு வராதுங்க. இங்கயே இருக்கட்டும். நாங்க மாறி மாறி வந்து பாத்துக்கறோம். அமாவாசையிலருந்து பௌர்ணமி வரைக்கும் அவ, மீதி நாளு நானு. அவ இருக்கற நாள்ல நான் சாமைக் காட்டுப் பரண்ல படுத்துக்கறேன்."

எட்டு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

நாட்டாமைக்கு ஒப்பவில்லை. "அதெப்புடிப்பா? துரும்பு கிள்ளுன பொம்பள அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. மிதிச்சா ஊருக்கு ஆவாது" என்றார். கூட்டமும் தலையாட்டியது. நான் கெஞ்சினேன், கத்தினேன், வயதில் மூத்த ஒருவரை மரியாதையில்லாமல்கூடப் பேசிவிட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. மகள் கையைவிட்டுப் போய்விட்டாள் என்று தோன்றியபோது திரும்பிப் பார்த்தால், அவரைக் காணோம்.

"பாத்தீங்களா? பேச வேண்டிய நேரத்துல எய்ந்து போய்ட்டாரு!" என்று வயிறெரிந்து சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்பக்கம் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். அவர் கடப்பாரையால் பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார். மண்சுவர்தானே, உள்ளிருந்த மூங்கில் தட்டியையும் பிய்த்துப் போட்டு, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி செய்துவிட்டார். தலையெல்லாம் மண்.

"அவ எனக்குப் பொண்டாட்டியா வந்த வாசல் அது. அத அவ மிதிக்க வேணாம். இது கொயந்தைக்கு அம்மாவா வர்றதுக்கு" என்றார்.

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வயக்கத்துல பின்வாசலப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்று நடந்தார்.

பதினோரு வருடம் அண்ணன் வீட்டிலிருந்து அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தேன். பிறகு மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, அவள் போய்விட்டாள். அந்தப் பதினோரு வருடமும் அவர் இடித்துக் கொடுத்தது. நேரில் அவருக்கு நன்றி சொன்னதில்லை. இத்தனை பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

முதல் நாள் நான் நுழைந்தபோது அந்த வழி தாழ்வாகத்தான் இருந்தது. ஊரில் யாருக்கும் தலை குனியாதவள் என்று பேர் வாங்கியவள் நான். அன்று அவர் பார்த்துக்கொண்டிருக்க, நன்றாகக் குனிந்தே என் மகளிடம் போனேன்.