உடம்புச் சூடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ராஜபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தேன். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. ரசம் பட்டால்கூட உயிர் போகும். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே டார்ச் அடித்தார்.

"வெத்தல, பொகையில போடுவியாம்மா?"

"இல்ல டாக்டர்."

"பொறவென்ன? உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை சாப்பிடு. இந்த வயசுல வேற என்ன வரப்போகுது?"

சத்து மாத்திரை எழுதினார். நாலு மாதம், போகும்போதெல்லாம் அதே டார்ச், அதே கீரை. பார்த்தாலே குமட்டும் அளவுக்கு மணத்தக்காளியைத் தின்று தீர்த்தேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்த பிறகுதான் மதுரைக்குப் போனேன்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா செய்தது இவ்வளவுதான். பேண்டேஜ் துணியால் என் நாக்கின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்தார். ஓரத்தைப் பார்த்தார். புண்ணை விரலால் அழுத்தி, கல் மாதிரி இருக்கிறது என்றார். ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய். பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். நாக்கை இழுத்துப் பார்ப்பது அரை நிமிட வேலை, அதுவும் நான் நெய்கிற துணியால். அதை அந்த மனிதர் நாலு மாதமும் செய்யவில்லை.

குழறலாகவாவது பேச்சு திரும்பியதும், சனிக்கிழமைதோறும் அவரிடம் டோக்கன் போட ஆரம்பித்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் வாயைத் திறந்து காட்டுவேன். என் முறை வந்ததும், தறியில் வெட்டிய துணியை மடித்து அவர் மேஜையில் வைப்பேன்.

"என்ன செய்யுது?" என்று குனிந்தபடியே கேட்பார்.

"சூடு, டாக்டர்."

அவர் முகம் வெளுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கே கூட்டம் குறைந்ததும் சந்தோஷம்தான்.

கம்பவுண்டர் கெஞ்சினார். "யக்கா, அவிய தூங்குறதே இல்ல. விட்டுருங்க."

"நான் மட்டும் தூங்குதேனா?"

ஒரு சனிக்கிழமை, மம்சாபுரத்துப் புதுப்பெண் ஒருத்தி எனக்கு முந்தின டோக்கன். வாயில் புண். "சூட்டுப் புண்ணு, வேறென்ன" என்று அவள் மாமியார் பெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் உள்ளே போனார்கள். திரைக்குப் பின்னால் டாக்டர் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"வெளிச்சத்துக்கு வாம்மா. நாக்க நீட்டு." பிறகு கம்பவுண்டரிடம், "அந்தம்மா போன வாரம் வச்ச துணிய எடு."

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கையில் மதுரைக்குக் கடிதம் இருந்தது.

நான் உள்ளே போனதும் டாக்டர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "சின்னதுலயே பாத்தாச்சும்மா. அந்தப் பிள்ள பொழச்சுக்கும்" என்றார்.

அவள் பிழைக்கட்டும் என்று மனதார நினைத்தேன். ஆனால் அந்தக் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. எழுந்து வந்து பார்க்க அவருக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது.

துணியை மேஜையில் வைத்தேன்.

"சூடு, டாக்டர்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமைக்கும் டோக்கன் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.