சுவரில் மங்காத இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எத்தனை வெறும் வீடுகளில் படுத்து எழும்பியிருப்போம், அங்கெல்லாம் வராத பேயா இனி வரப்போகிறது என்று கேட்பேன். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை, சிரியுங்கள். நான் கண்டதைத்தான் சொல்கிறேன், அதுவும் பட்டப்பகலில் கண்டதை.

வட்டக்கச்சியில் இருந்துகொண்டே வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிப்பது என் வேலை. ஒரு நவராத்திரிக்குச் சற்று முன்னால் என் பழைய லப்டொப் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதிது வாங்க வசதியில்லை. என் கணவர் வயல்காரர், லப்டொப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதை மடிக்கலாம் என்பதுதான், ஆனாலும் அவரைத்தான் வவுனியாவுக்கு அனுப்பி ஒரு ரீகொண்டிஷன் லப்டொப் வாங்குவித்தேன். எங்கோ கந்தோரில் அலுவலக வேலைக்குப் பாவித்துக் கழித்ததைப் பழுது பார்த்து, துடைத்து, புதிது மாதிரி விற்கிறார்களே, அதுதான். பற்றரி நிற்காது, ஒரு மாதத்தில் கைவிடும் என்று ஆளாளுக்கு வெருட்டினார்கள். வந்த சாமான் என்னவோ அருமையான சாமான். தொட்டால் ஓடியது, கரண்ட் போனாலும் பாடம் முடியும்வரை தாங்கியது.

“முந்தி வச்சிருந்த ஆளின்ர ஒரு படம்கூட உள்ளுக்க இருக்காதாம். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் கடைக்காரர் தந்தவர்” என்று கணவர் பெருமையாகச் சொன்னார்.

பாடம் எடுக்கும்போது பின்னால் நெல் மூட்டையும் கொடியில் காயும் சீலையும் தெரியுமே என்று வீடியோவில் பின்பக்கத்தை மங்கலாக்கிவிடுவேன். ஆளை மட்டும் தெளிவாக விட்டு, மிச்சத்தை எல்லாம் அது மங்கவைத்துவிடும். புது லப்டொப்பில் முதல் நாள் பார்த்தால் நான் தெளிவு, எனக்கு இடப்பக்கத்தில் ஆள் இருக்காத, புத்தகம் மட்டும் வைக்கிற வெறும் கதிரையும் தெளிவு. கதிரையை ஆள் என்று நினைத்துவிட்டதாக்கும் என்று அதைத் தூக்கிக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். நம்பினால் நம்புங்கள், கதிரை இருந்த இடத்தில் சுவர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தலை, தோள், அதற்குக் கீழே உடம்பு, ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு.

“கமராவில தூசியாக்கும்” என்றார் கணவர். துடைத்தேன், போகவில்லை. பாடம் ஒழுங்காக நடந்ததால் நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

விஜயதசமி அன்று சுவிஸில் இருக்கிற ஒரு குடும்பம் தங்கள் மகன் ஆதிக்கு ஏடு தொடக்கக் கேட்டிருந்தது. அவர்களுக்குக் காலை, எங்களுக்கு உச்சி வெயில். கணவர் வயலுக்குப் போயிருந்தார், எங்கள் மூன்று வயது மகள் அடுத்த அறையில் பாயில் நித்திரை. ஏடு தொடக்கும்போது படிப்பிக்கிறவர்தான் பிள்ளையின் கையைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதவைக்கவேண்டும். இவ்வளவு தூரத்தில் நான் எப்படிப் பிடிப்பது? தகப்பனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சின்னவனுக்கு ஆசையாக இருக்கட்டுமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டுகிறேன்.

“ஆதிக்குட்டி, ரீச்சரே உங்களிட்ட வந்து கையைப் பிடிக்கிறா எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். என்னை இல்லை, எனக்கு இடப்பக்கத்தை. பிறகு தகப்பனின் கையை உதறிவிட்டுத் தானாக எழுதத் தொடங்கினான். தாய் தகப்பனுக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

“ரீச்சர், இவன் ‘அ’ எழுதேல்ல, வேற என்னமோ எழுதுறான்” என்று சிரித்துக்கொண்டே தகப்பன் தட்டைக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “மயூரி எண்டெல்லோ எழுதியிருக்கு. ஆர் ரீச்சர் மயூரி?”

மயூரி என் மகள். அது பதிவில் இருக்கிற பெயர், வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் குடும்பத்துக்கு எனக்குப் பிள்ளை இருப்பதே தெரியாது. எப்படி எழும்பினேன் என்று தெரியாது, அடுத்த அறைக்கு ஓடினால் பாயில் பிள்ளை இல்லை, பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

எங்கள் கிணற்றுக்குக் கட்டு பதிவு, சின்னப் பிள்ளையும் ஏறுகிற உயரம்தான். அதில் ஏறி, காலை உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். வற்றாப்பளை அம்மாளே என்று மனதுக்குள் கத்திக்கொண்டு, சத்தம் காட்டாமல் பின்னால் போய் இடுப்போடு சேர்த்துத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் அழுகை வந்தது.

“ஏனம்மா இங்க வந்தனீங்கள்?”

“மிஸ் வரச் சொன்னவா.”

“எந்த மிஸ்?”

“உங்களுக்குப் பக்கத்தில இருக்கிற மிஸ்.”

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. ஆதியின் தகப்பன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ரீச்சர், நீங்கள் எழும்பி ஓடினாப் பிறகும் அவா அப்படியே இருந்தவா. நாங்கள் எத்தினை தரம் கூப்பிட்டும் கதைக்கேல்ல. ஆர் அவா?”

நான் லப்டொப்பை மூடினேன். அடுத்த நாளே கணவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தார். அதுவும் பழசுதான், ஆனால் பின்பக்கம் முழுவதும் ஒழுங்காக மங்கும். பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டதும் அவள்தானா, பெயரை எழுதிக் காட்டி எனக்கு அறிவித்ததும் அவள்தானா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. கும்பிடுவதா, காறித் துப்புவதா?

இவ்வளவோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் மறந்திருப்பேன். போன மாதம் தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்து வந்த என் தங்கை, தன் மகளுக்கு லப்டொப் வாங்க எந்தக் கடை நல்லது என்று கேட்டாள். அப்போதுதான் கணவர் வாயைத் திறந்தார்.

“வவுனியாவில நாங்கள் வாங்கின அந்தக் கடை மட்டும் வேண்டாம் பிள்ளை. நான் திருப்பிக் குடுக்கேக்க கடைக்காரர் ஏனெண்டு ஒரு வார்த்தை கேட்கேல்ல, நானும் நடந்ததைச் சொல்லேல்ல. கையில வாங்கிக்கொண்டு, ‘உங்கட பிள்ளையை உயிரோட எடுத்திட்டீங்கள்தானே?’ எண்டு மட்டும் கேட்டவர்.”