முப்பது நொடிக்கு மேல் காத்திருக்காதே

அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிக்க உதவும் ப்ரோக்ராமை எழுதுவது என் தொழில். எங்கள் ப்ரோக்ராமிலேயே தப்பு இருந்தால் உதவிக்கு யாரும் கிடையாது.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. எம்.டி.யையும் சேர்த்து ஆறு பேர். மோட்டார், லிஃப்ட் மாதிரி சாமான்களுக்குள் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு இருக்கும். அதைக் கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைத்து, அதில் ஓடும் ப்ரோக்ராமை வேண்டிய வரியில் நிறுத்தி உள்ளே எட்டிப்பார்க்க உதவும் டிபக்கர்தான் எங்கள் சரக்கு. உறைந்துபோன திரையைப் பார்த்து ‘வந்துடு, வந்துடு’ என்று வேண்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

செத்த போர்டு

குரோம்பேட்டையில் பம்ப் மோட்டாருக்குப் போர்டு செய்யும் சிறிய தொழிற்கூடம் ஒன்று. அதை நடத்தும் தாமோதரன் சார் போன் செய்து, “உங்க சாஃப்ட்வேர் தொங்கிடுச்சு, ஸ்டாப் பட்டனும் வேலை செய்யல” என்றார். பக்கம்தானே என்று ஸ்கூட்டரில் போனேன். காலையிலிருந்து நாலு தடவை கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதுவரை பார்த்துவைத்தது எல்லாம் போயிருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் டிபக்கரின் நடுவில் ஈவென்ட் லூப் என்று ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். போர்டிலிருந்து பதில் வந்ததா, யாராவது பட்டனை அமுக்கினார்களா என்று மாறி மாறிப் பார்ப்பதுதான் அதன் வேலை. ஆனால் போர்டிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் வரும்வரை அங்கேயே நின்றுவிடும், பட்டன் பக்கம் திரும்பவே திரும்பாது. தாமோதரன் சாரின் போர்டுக்கு மின்சாரமே வரவில்லை. “போர்டு ஆஃப் ஆகியிருக்கே சார்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“போர்டு செத்தது எனக்கே தெரியுதும்மா. உங்க சாஃப்ட்வேருக்குத்தான் யாரும் சொல்லல.”

பஷீர் அண்ணாவின் லூப்

அந்த லூப்பை எழுதியவர் எங்கள் பஷீர் அண்ணா. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அதற்கு டைம்அவுட் வைக்கும் வேலை எனக்கு வந்தது. இவ்வளவு நேரம் பார், வரவில்லையென்றால் விட்டுவிடு என்று ஒரு கெடு. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றார் எம்.டி.

சாஃப்ட்வேரில் எல்லாக் காத்திருப்பும் ஒரே இடத்தில்தான் நடந்தது. அந்த ஒரு இடத்தில் ஐந்து நொடி என்று வைத்தேன். போர்டின் மெமரியைத் துடைக்கவே இருபது நொடி ஆகிறது, பாதியில் விட்டுவிட்டது. சரி, முப்பது. எல்லாச் சோதனையிலும் தேறியது. பஷீர் அண்ணா என் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் எழுத்தில் கை வைத்துவிட்டேன் என்ற வருத்தம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க வசதியாக இருந்தது.

“நான் எழுதினது தொங்கும் விஜி, ஒத்துக்கறேன். ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாது.”

பெட்டி மேல் பெட்டி

புதிய பதிப்பை அனுப்பிய அதே வாரம் தாமோதரன் சார் மறுபடி போன். பதில் வராவிட்டால் ‘போர்டு பதில் தரவில்லை’ என்று திரையில் ஒரு பெட்டி வரும்படி எழுதியிருந்தேன். பெட்டி வந்ததும் சாஃப்ட்வேர் திரும்பக் கேட்கும், முப்பது நொடியில் இன்னொரு பெட்டி வரும். அவர் சாப்பிடப் போய்விட்டு வந்தபோது திரை முழுக்கப் பெட்டி. ஒவ்வொன்றாக மூடி கை வலிக்கிறது என்றார்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். நான் மாற்றி எழுதினேன். இனி ஒரே ஒரு தடவைதான். முப்பது நொடியில் பதில் இல்லையென்றால் சத்தமில்லாமல் இணைப்பை விட்டுவிடும், திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி மட்டும் வரும். எம்.டி.க்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“இப்பதான் கரெக்ட். கஸ்டமர்கிட்ட எதையும் மெதுவாத்தாம்மா சொல்லணும்.”

லிஃப்ட் அறையில் மூன்று நாள்

பெரும்பாக்கத்தில் ஒரு தனியார் அடுக்குமாடிக் கட்டிடம், ஒன்பது மாடி. அதன் லிஃப்ட் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். எப்போது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. லிஃப்ட் போர்டு செய்த சிறிய கம்பெனியிலிருந்து கல்பனா என்ற பெண்ணை அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மொட்டை மாடியில் உள்ள லிஃப்ட் அறையில் எங்கள் டிபக்கரை இணைத்து, ‘தப்பு நடக்கும் வரிக்கு வந்தால் நிறுத்திக் காட்டு’ என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து மாலை வரை லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள். அந்த அறையில் மின்விசிறி கிடையாது.

மூன்றாம் நாள் மத்தியானம் லிஃப்ட் நின்றது. உள்ளே ஆறாவது மாடியில் குடியிருக்கும் செல்வி அக்காவும், காலில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் திரும்பிய அவர் கணவரும். வெளியே எடுக்க அரை மணி ஆனது. கல்பனா லேப்டாப்பைப் பார்த்திருக்கிறாள். அடியில் அந்தச் சாம்பல் வரி. காலையில் அவள் ஆரம்பித்த முப்பதாவது நொடியிலேயே இணைப்பு போயிருக்கிறது. முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான். நான் வைத்த கெடுவுக்கு, கேட்ட கேள்விக்குப் பதில் வராததும், ஒரு தப்பு நடப்பதற்காகக் காத்திருப்பதும் ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன.

அவள் போன் செய்ததும் ஓடினேன். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த மனிதர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க வியர்வை. கல்பனா தப்பு யாருடையது என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் லிஃப்ட் கதவைப் பார்த்தேன். செல்வி அக்கா அவளிடம்தான் கேட்டார்.

“மூணு நாளா மேல குந்திகினு இருந்தியே, இன்னாத்தம்மா பாத்துகினு இருந்தே?”

கேம்ப் ரோடு சிக்னல்

திரும்பி வரும்போது அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன். ‘தப்பு என்னுடையது.’ அவ்வளவுதான், மூச்சுப் பிடித்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியது நினைவிருக்கிறது. பின்னால் ஹாரன் அடித்தது காதில் விழவே இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

“இன்னாக்கா, பச்சை வுழுந்து எம்மா நேரமாவுது!”

எட்டு வரி

மறுநாள் திருத்த உட்கார்ந்தேன். கேள்வி கேட்டால் கெடு உண்டு. ஒன்று நடப்பதற்காகக் காத்திருந்தால் கெடு இல்லை. ஆனால் லூப் அவ்வப்போது விழித்து, ஸ்டாப் பட்டனைப் பார்த்து, போர்டுக்கு உயிர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, மறுபடி காத்திருக்கும். மொத்தம் எட்டு வரி. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பஷீர் அண்ணா பக்கத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சோதனை எல்லாம் முடிந்து அடுத்த வாரம் கல்பனாவுக்குப் போன் செய்து, நானே கொண்டுவந்து போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்குள் குடியிருப்போர் சங்கம் கல்பனா கம்பெனியின் போர்டைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி போர்டை மாட்டிவிட்டதாம். அவளைக் கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. லிஃப்ட் போர்டில் தப்பு என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அதே போர்டோடு வேறு எத்தனை கட்டிடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குகிறதோ. நான் மன்னிப்பு கேட்டேன். அவள் கோபப்பட்டிருக்கலாம், படவில்லை.

“பரவால்ல மேடம். உங்க பழைய சாஃப்ட்வேர் தொங்கிக்கிட்டு நிக்கும், ஆனா விட்டுட்டுப் போவாது.”

சிறு திருத்தங்கள்

புதிய பதிப்போடு வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புவோம். நடந்ததை அப்படியே ஒரு பக்கம் எழுதி, ‘இதற்கு முந்தைய பதிப்பை நம்பி நீண்ட நேரம் காத்திருக்க வேண்டாம்’ என்று முடித்திருந்தேன். எம்.டி. முழுசாகப் படித்தார். கெட்டவர் இல்லை, படித்து முடித்தபோது அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது. பிறகு பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்தார்.

“‘சிறு திருத்தங்கள்’னு மட்டும் போடுங்க விஜி, யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க.”

யாரும் கேட்கவில்லை, இந்தத் தொழிலில் ஒரு தப்பைத் திருத்த அரை நாள் போதும், அதை மறக்க எத்தனை நொடி கெடு வைப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.