பாதத்தில் விழுந்த புத்தகம்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த நாங்கள், எங்கள் மனைவிமாரை டென்மார்க்குக்கு அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த ஆண்டுகள் அவை. அந்தத் தனிமையில் ஓர் ஆங்கிலேய நாவலாசிரியரின் நூல்கள் அனைத்தையும் அகராதியின் துணையுடன் வாசித்து முடித்தேன். சுரங்கத் தொழிலாளியின் மகனான அவர், எழுதி ஈட்டியதையெல்லாம் பழைய புத்தகங்கள் சேர்ப்பதிலேயே செலவிட்டவர்.

அவர் வாசகர்களைச் சந்திக்க, நாங்கள் வாழ்ந்த விபோர்க் நகரின் நூலகத்துக்கு வந்தபோது, தம் அரிய நூல்களை மேசையில் பரப்பியிருந்தார். எவரும் தொடக்கூடாது என்பது கட்டளை. என் கோட்டின் கை பட்டு ஒரு நூல் என் பாதத்தில் விழுந்தது. சபை திகைத்தது. நான் அதை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

“போச்சு அண்ணை! இனி உங்கட மனுசியின்ர பைலையும் மூடிப்போடுவாங்கள்” என்றார் உடன்வந்த நண்பர். மனைவியின் விண்ணப்பம் மறுக்கப்படுமோ என்று எனக்கும் அதே அச்சம்.

“ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்று நாவலாசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“கால் பட்ட புத்தகத்திடம் நாங்கள் மன்னிப்புக் கேட்போம், ஐயா.”

“அப்படியானால் என் கதி என்ன? நான் புத்தகங்களை மிதித்துத்தான் கட்டிலுக்கே போகிறேன்!” என்று சிரித்தவர், அந்நூலை வாங்கித் தம் கண்களிலும் ஒற்றினார். மண்டபமே எழுந்து கைதட்டியது.

இந்நாட்டில் அதுவரை விண்ணப்பதாரனாகவே நின்ற நான், அன்று வாசகனாக நிமிர்ந்து நின்றேன். பின்னர் அனுமதி கிடைத்து மனைவி வந்திறங்கிய நாளில், விமான நிலைய வாசலிலேயே இதைச் சொல்லத் தொடங்கினேன்.

“குளிருக்க நிண்டு சொல்லுற கதையே இது?” என்றாள். ஆயினும் முழுவதையும் கேட்டாள்.

இந்த நினைவுக் குறிப்பைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வையுங்கள்.